ஓட்டை அடைத்த உத்தமருக்கு

உத்தனப்பள்ளி சாலை, பொன்வயல் கான்கிரீட் வார்ப்பகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, இன்று ஓய்வு பெறும் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் உயர்திரு. சௌந்தரராஜன் அவர்களுக்குப் பவளப்பாறைப் பிரிவின் பணியாளர்கள் உவந்து படைத்து, ஸ்டோர்ஸ் ரேவதி எழுதி வாசிப்பது.

மூலைமட்டத்தின் முதல்வரே! ரசமட்டத்தின் ரட்சகரே! கோணல் கண்டால் கொதித்தெழும் கோமகனே! விரிசல் கண்டால் விழி சிவக்கும் வேந்தே! சிமெண்டும் ஜல்லியும் சிரம் தாழ்த்தும் செம்மலே! முப்பத்தொரு ஆண்டுகளாக எங்கள் முகத்தை நிமிர்ந்து பாராமல், நாங்கள் வார்த்த கல்லின் முகத்தை மட்டுமே குனிந்து பார்த்த முதுபெரும் மேலோரே! தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறும் செய்தி கேட்டு யார்டில் நிற்கும் மிக்சர் இயந்திரமே கண்ணீர் வடித்தது என்று எழுதத்தான் முதலில் நினைத்தோம். அது ஆயில் சீல் கிழிந்து ஒழுகியது என்று தாங்கள் மேடையிலேயே எழுந்து திருத்துவீர்கள் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டோம்.

எழுவது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வேண்டுகோள். இந்த மடல் முடியும் வரை தாங்கள் நாற்காலியை விட்டு எழவே கூடாது. கழுத்து மாலையையும் கழற்றக் கூடாது. மாலை கொஞ்சம் கனம்தான். ஓசூர்ப் பூக்கடையில் சொல்லி, வேண்டுமென்றே கனமாகக் கட்டி வாங்கினோம். சற்று முன் மேளக்காரர்கள் காது கிழிய வாசித்ததற்கும் தாங்கள் முகம் சுளித்தீர்கள். அதையும் நாங்கள்தான் சொல்லி வாசிக்க வைத்தோம். காரணங்களைக் கடைசியில் சொல்கிறேன். லாரி ஓட்டும் வெங்கடப்பன் அண்ணனைக் காணோமே என்று அங்கும் இங்கும் தேட வேண்டாம். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

சட்டம் தவறாத சான்றோரே! வந்திருக்கும் விருந்தினர்களுக்காக எங்கள் யார்டின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கு ஓய்வு பெறுகிறவர் போகும் முன் தம் கையால் ஒரு கல் வார்க்க வேண்டும். அதில் அவர் பெயர் பதிந்திருக்கும். கேட்டிலிருந்து கேண்டீன் வரை நடைபாதையின் இரண்டு ஓரமும் வரிசையாக இருப்பவை அந்தக் கற்கள்தான். கல் சோதனையில் பாஸானால்தான் இங்கே ஒருவர் முறையாக ஓய்வு பெற்றதாகக் கணக்கு. சோதனை செய்தவர் இத்தனை வருடமும் தாங்களே. போன முதலாளியின் கல்லையே தாங்கள் திருப்பி அனுப்பினீர்கள். “ஓரத்துல ஒரு பொத்தல் இருக்குதுங்க ஐயா. இன்னொருக்கா வார்த்துடுங்க” என்று கைகட்டி நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னீர்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி வார்த்தார். கிரேன் ஓட்டிய ராஜப்பன் அண்ணன் ஓய்வு பெற்ற பிறகும் பல நாள் யார்டுக்கு வந்துகொண்டிருந்தார். பிரிய மனமில்லாமல் வருகிறார் என்று புதியவர்கள் நினைத்தார்கள். அவர் கல் பாஸாகவில்லை, அவ்வளவுதான்.

இன்று தங்கள் முறை. தங்கள் கல் இந்த நிமிடம் வரை பாஸாகவில்லை. அதை ரிஜெக்ட் செய்தவரும் தாங்களே. அந்தக் கல் நடைபாதைக்கு வேண்டாம், கடலுக்குத்தான் போக வேண்டும் என்று கேட்டதும் தாங்கள்தான். கடலுக்குக் கல் ஏற்றும் இந்தப் பருவத்தின் கடைசி லாரி இன்றைக்குத்தான் கிளம்புகிறது. இதை விட்டால் அங்கே காற்று மாறிவிடும், படகு இறங்காது. அடுத்த பருவம் வருவதற்குள் தாங்கள் மத்திகிரி வீட்டைக் காலி செய்துவிட்டு ஊத்தங்கரைக்குப் போயிருப்பீர்கள். மேடையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கும் தாங்கள் உள்ளுக்குள் எதை நினைத்து வாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும் சார்.

(“தாங்கள்” என்று இதற்கு மேல் எனக்கு வராது. இனி “நீங்கள்” என்றே வாசிக்கிறேன். மன்னிக்கவும்.)

குறை காண்பதில் குன்றாத குணக்குன்றே! உங்கள் பெருமையை எங்கிருந்து தொடங்குவது? கடுகு நுழையும் அளவுக்குப் பொத்தல் இருந்தாலும் அந்தக் கல்லின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பீர்கள். கழிவுநீர்க் கால்வாய்க்குப் போகும் மூடியைக்கூடக் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போல் நாலு பக்கமும் சுற்றிப் பார்ப்பீர்கள். போன வருடம் கணக்குப் பிரிவுக்காரருக்கு நாங்கள் கொடுத்த பாராட்டு மடலின் சட்டத்துக்கு மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு மூலை விலகியிருக்கிறது என்று மேடையிலேயே அறிவித்தவர் நீங்கள். இன்றைய சட்டத்தைக் கடையில் மூன்று முறை அளந்து வாங்கினேன். முன்வரிசையில் இருக்கும் சரஸ்வதி அம்மாவைக் கேட்டால் வீட்டுக் கதையும் வரும். தோசையில் ஓட்டை விழுந்தால் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளி வைத்த ஒரே மனிதர் இந்த மாவட்டத்தில் நீங்கள்தான் என்று அம்மா சொல்கிறார்கள். “ஓட்டை உழுந்தாத்தாங்க அது தோசை, இல்லாட்டி அட்டை” என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாராம்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் சார், கடவுள் ஒரு பவளப்பாறையைக் கொடுத்தார்.

கடலைக் காணா ஊரில் கடலுக்குக் கல் எப்படி வந்தது என்று விருந்தினர்கள் கேட்கலாம். எங்கள் முதலாளி பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போன இடத்தில், நீலத்திட்டு பவளப்பாறைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்று ஒரு கடை போட்டிருந்தார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் இருந்து வந்தவர்கள். இழுவலை கிழித்தும், சூடு தாங்காமலும் பவளப்பாறைகள் அழிந்துகொண்டிருப்பதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அழிந்த இடத்தில் கான்கிரீட் கல்லை இறக்கினால் அதன் மேல் பவளம் மறுபடி வளரும், மீன் குடியேறும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி இளகிய மனசுக்காரர். அங்கேயே கண் கலங்கி, “கல்லுங்களா? எங்க யார்டுலயே வார்த்து அனுப்பறோங்க. எங்க கல்லுல ஒரு ஓட்டை இருக்காது, நாங்க கேரண்டி” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்கள் ஏன் அப்போது ஒரு மாதிரி பார்த்தார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை.

வரைபடம் வந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு கூம்பு. உடம்பெல்லாம் ஓட்டை. நீங்கள் அதை மேசை மேல் விரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு கல்லுக்கு எத்தினி கொக்கி மாட்டப் போறாங்க இவங்க?” என்று கேட்டீர்கள்.

இது தெரியாத்தனம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். எங்கள் தொழிலில் கல்லில் ஓட்டை என்றால் அது கிரேன் கொக்கி மாட்டத்தான். தூக்கி வைத்து முடிந்ததும் அதைக் கலவையால் அடைத்து, தேய்த்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் அனுப்புவதுதான் வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த மரியாதையை நீங்கள் கடலுக்கும் செய்தீர்கள். ஃபினிஷிங் வேலை பார்க்கும் மாதேஸ்வரி அக்காவை அழைத்து ஓட்டை முழுவதையும் அடைக்கச் சொன்னீர்கள். அக்கா கை வைத்தால் கான்கிரீட் கண்ணாடி ஆகும். அடைத்தார், இழைத்தார், தண்ணீர் தெளித்து மெழுகினார். மொத்தக் கல்லும் குளித்து முழுகிப் பவுடர் பூசிக்கொண்டு நின்றது. ஒரே ஒரு கல் மட்டும் அச்சிலிருந்து கழற்றும்போதே ஒரு பக்கம் உதிர்ந்து, தேன்கூடு போல் பொத்தல் பொத்தலாக வந்தது. அதன் நெற்றியில் நீங்கள் பெருக்கல் குறி போட்டுக் கழிவு வரிசைக்குத் தள்ளினீர்கள்.

லாரியில் ஏற்றும்போது பின்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சியது. கல் நகராமல் இருக்க ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும். வெங்கடப்பன் அண்ணன் கழிவு வரிசையிலிருந்து அந்தச் சிவப்புக் குறிக் கல்லைத் தூக்கி முட்டாக வைத்துக்கொண்டார். இதுவும் எங்கள் தொழிலில் வழக்கம்தான். கரையில் அறக்கட்டளையின் கடல் ஆராய்ச்சியாளர் டாக்டர் பிரியதர்ஷினி வேறொரு தீவுக்கு மீன் கணக்கெடுப்புக்குப் போயிருந்தார். படகுக்காரர்கள் காற்று மாறும் முன் வேலையை முடிக்கும் அவசரத்தில், வந்தது வந்தபடி எல்லாவற்றையும் கடலில் இறக்கிவிட்டார்கள். முட்டுக் கல்லையும் சேர்த்துத்தான்.

அடுத்த பருவத்தில் ஒரு நாள் மத்தியானம் கேண்டீன் டிவியில் டாக்டர் வீடியோ கால் போட்டு, முக்குளித்து எடுத்த படத்தைக் காட்டினார். யார்டே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தது. நாம் அனுப்பிய கற்கள் கடலடியில் வரிசையாக, வழவழவென்று, திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் சமாதிகள் போல் நின்றன. ஒரு மீன் இல்லை, ஒரு புழு இல்லை. மேலே பாசி மட்டும் வழுக்கிக்கொண்டிருந்தது. கேமரா மெல்ல ஓரத்துக்குத் திரும்பியது. அங்கே ஒரு கல் சாய்ந்து கிடந்தது. அதன் பொத்தல்களுக்குள் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அதன் தோளில் ஊதா நிறத்தில் விரல் நுனி அளவுக்கு ஏதோ முளைத்திருந்தது. அதன் நெற்றியில், மங்கலாக, உங்கள் பெருக்கல் குறி.

“சார், இந்த ஒரு கல் மட்டும் ரொம்ப அருமையா வந்திருக்கு” என்றார் டாக்டர். “இதுல மட்டும் சிவப்பா ஒரு முத்திரை போட்டிருக்கீங்களே, இது உங்க ஸ்பெஷல் குவாலிட்டியா? எல்லாத்தையும் இதே தரத்துல பண்ணித் தர முடியுமா?”

சாம்பார் வாளியோடு நின்றவர் அப்படியே நின்றார். நீங்கள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது போல், “அது முட்டுக் கல்லுங்கம்மா” என்றீர்கள். அப்புறம், “மத்ததுல ஓட்டைய அடைச்சது நான்தாங்கம்மா. வேற யாரும் இல்ல” என்றீர்கள். மாதேஸ்வரி அக்கா கையால் அடைத்ததை உங்கள் வாயால் ஏற்றுக்கொண்டீர்கள். அன்று அக்கா கை கழுவும் இடத்தில் நின்று அழுதது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைக்கு அடங்காத காய்ச்சல். சரஸ்வதி அம்மா பயந்துபோய் எங்களுக்குப் போன் செய்தார்கள். “தூக்கத்துல ‘அடைக்காத, அடைக்காத’ன்னு கத்தறாருங்க” என்றார்கள். காய்ச்சல் விட்டதும் நீங்கள் நேரே போனது யார்டுக்கு இல்லை, கடலுக்கு.

அலைகடல் கண்ட அரியேறே! அந்தப் பயணத்தைப் பற்றிக் கூடப் போன வெங்கடப்பன் அண்ணன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறும் முன், நீங்கள் படகின் ஓரத்தைத் தட்டிப் பார்த்துத் தரம் கேட்டீர்களாம். மிதவைச் சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டீர்களாம். படகு நகர்ந்ததும் காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் வளைகுடாவுக்கே அர்ப்பணித்தீர்களாம். அண்ணன் “பேடா சார், வேணாம், திரும்பிப் போயிடலாம்” என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சியும் நீங்கள் கேட்கவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு படுத்துவிட்டீர்களாம். கீழே அறக்கட்டளையின் முக்குளிப்பவர்கள், அறுந்து சிக்கிக் கிடந்த பழைய வலைகளைக் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கி, நாற்று நடுவது போல் ஒவ்வொன்றாகக் கல்லில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் வழவழக் கல்லில் கட்டியதெல்லாம் வழுக்கி விழுந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள்.

திரும்பி வந்த அன்று ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று என்னிடம் சொன்னீர்கள். “அது கல்லு இல்ல ரேவதி. உசுரு. நம்ம கல்லு மேல உசுரு வந்து உக்காருது. அதுக்கு உக்கார ஒரு சொரசொரப்பு வேணும், ஒளிய ஒரு ஓட்டை வேணும். நான் ரெண்டையும் அடைச்சி அனுப்பியிருக்கேன்.” சொல்லிவிட்டு ஒரு பாக்கெட் சாக்பீஸ் கேட்டீர்கள். பெயிண்ட் கடல் உயிர்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். முப்பது வருடத்துச் சிவப்பு டப்பாவையும் பிரஷையும் அன்றைக்கே என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் பாடு திண்டாட்டம். முப்பது வருடம் வழவழப்பாக வார்க்கச் சொல்லி எங்களைத் திட்டியவர், இப்போது சொரசொரப்பாக வார்க்கச் சொல்லித் திட்ட ஆரம்பித்தீர்கள்! ஓட்டை இருந்தால் சிவப்புக் குறி என்ற காலம் போய், ஓட்டை இல்லாவிட்டால் சாக்பீஸ் குறி! அதிலும் உங்களுக்கு இஷ்டப்பட்ட ஓட்டை வேண்டும். சின்ன மீனுக்குச் சின்னது, பெரிய மீனிடமிருந்து சின்ன மீன் தப்பிக்க இன்னும் சின்னது. பாவம், அதிகம் கஷ்டப்பட்டது மாதேஸ்வரி அக்காதான். ஈரக் கான்கிரீட்டைக் கண்டால் அவர் கை தானாக இழைக்கப் போய்விடும். “கையி தானா போவுதுங்க சார், நான் என்னா பண்ணட்டும்?” என்று அவர் கேட்க, தேய்ப்புக் கட்டையைப் பிடுங்கி உங்கள் அறையில் வைத்துப் பூட்டினீர்கள். மறுநாள் அக்கா உள்ளங்கையாலேயே ஒரு கல்லை மெழுகிவிட்டார். கடைசியில் அவருக்குத் தென்னை விளக்குமாறு ஒன்றைக் கொடுத்து, கல் இறுகும் முன் அதை வைத்து அடிக்கச் சொன்னீர்கள். அக்காவுக்கும் அவர் மாமியாருக்கும் வீட்டில் சரியில்லாத காலம் அது. அந்த வாரத்துக் கற்களைப் போலச் சொரசொரப்பான கற்கள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. டாக்டர் போன் செய்து பாராட்டினார்.

கேண்டீன் சுவரில் ‘தலைக்கவசம் அணியவும்’ அட்டைக்குப் பக்கத்தில் அறக்கட்டளை அனுப்பிய பவளப் படங்கள் ஏறின. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் அனுப்பும் வீடியோவைப் பார்ப்பது கட்டாயம் ஆனது. கிளிமீன் எது, பட்டாம்பூச்சி மீன் எது என்று தெரியாதவனுக்கு இரண்டாவது முறை ரசம் கிடையாது. உத்தனப்பள்ளியில் தக்காளி ஏற்றும் வண்டிக்காரர்கள் வரை வந்து நின்று பார்த்தார்கள். வீட்டிலும் மாற்றம். சரஸ்வதி அம்மா சுட்ட தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “ஓட்டை பத்தாது” என்று நீங்கள் சொன்னதாகத் தகவல்.

இரக்கத்தின் இருப்பிடமே! சிரிப்பதற்கு மட்டும் இந்த மடலை எழுதவில்லை. போன கோடைக்கு முந்திய கோடையில் கடல் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானது. சூடு தாங்காமல் பவளமெல்லாம் நிறம் போய் வெளுத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். சூடு குறையாவிட்டால் வெளுத்தது செத்துப்போகும். நீங்கள் தினமும் போன் செய்தீர்கள். “தண்ணி சூடு இன்னிக்கி எவ்ளோம்மா?” என்பதுதான் முதல் கேள்வி. “இங்க ஓசூர்ல ஃபேன் கூட வேணாம்மா. அங்க ஏம்மா இப்பிடி?” என்று ஏதோ டாக்டர்தான் அடுப்பு மூட்டிவிட்டது போல் கோபித்துக்கொண்டீர்கள். ஒரு நாள், “லாரி சும்மாத்தான் நிக்கிது. ஐஸ் ஏத்தி அனுப்பட்டுமா?” என்று கேட்டீர்கள். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். நீங்கள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டீர்கள். அந்த நாட்களில் உங்கள் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது எங்களுக்குத் தெரியும். மழை வந்து கடல் ஆறியது. வெளுத்ததில் பாதி போய்விட்டது, பாதி பிழைத்துக்கொண்டது. பிழைத்ததில் அந்தச் சிவப்புக் குறிக் கல்லின் ஊதா முளையும் இருந்தது. அந்தப் படம் வந்த அன்று நீங்கள் யார்டு முழுக்க மைசூர்பாக் கொடுத்தீர்கள். மைசூர்பாக்கில் ஓட்டைகளைத் தேடிப் பார்த்துத்தான் வாங்கினீர்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இனி உங்கள் கல்லுக்கு வருகிறேன்.

சார், அந்தச் சிவப்புக் குறிக் கல்லுக்குப் பக்கத்தில் உங்கள் கல் இறங்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. பெயர் பதித்த பவளக் கல் ஒன்றை நீங்களே வார்த்தீர்கள். முதல் கல்லில் சௌந்தரராஜன் என்ற பெயர் கண்ணாடி போல் தெளிவாக வந்தது. ஆனால் பெயர் தெளிவாக வர வேண்டும் என்று கலவையை நைசாக்கியதில் கல்லே வழவழப்பாகிவிட்டது. பவளம் நிற்காது என்று குறி போட்டீர்கள். இரண்டாவதும் அதே கதை. மூன்றாவதில் ஜல்லியைக் கூட்டி, சொரசொரப்பாக, ஓட்டைகள் ஒழுங்காக, பார்த்தவர் மெச்சும்படி வார்த்தீர்கள். பெயர் உதிர்ந்துவிட்டது. ‘சௌ’ இருக்கிறது, கடைசியில் ‘ன்’ இருக்கிறது, நடுவில் இருப்பது யார் பெயர் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று சாயங்காலம் அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தீர்கள். ‘பெயர் தெளிவில்லை’ என்று சொல்லி, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனீர்கள். போகும்போது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மாதேஸ்வரி அக்கா பார்த்தார்.

“எங்க கல்லையெல்லாம் தள்ளுனாரு, பரவால்ல. அவரு கல்லையே தள்ளிக்கினா எப்பிடிங்க?” என்று அக்காதான் முதலில் கேட்டார். யார்டு கூடிப் பேசியது. முப்பத்தொரு ஆண்டுகளில் முதல் முறையாக உங்களைக் கேட்காமல் நாங்களே ஒரு சோதனை வைத்தோம். ஓட்டை இருக்கிறதா? இருக்கிறது. சொரசொரப்பு இருக்கிறதா? கை தோல் உரிகிறது. பெயர் தெரிகிறதா? தெரியவில்லை. மீனுக்குப் படிக்க வருமா? வராது. முடிவு: பாஸ்.

ஆகவே, பொறுமையின் பூமியே, இப்போது உங்களுக்குக் காரணங்களைச் சொல்கிறேன். மேளக்காரர்கள் அவ்வளவு சத்தமாக வாசித்தது கிரேன் சத்தம் உங்கள் காதில் விழாமல் இருக்க. மாலை அவ்வளவு கனமாக இருப்பது நீங்கள் சட்டென்று எழுந்து ஓடாமல் இருக்க. இந்த மடல் இவ்வளவு நீளமாக இருப்பது, லாரி கண்காணாத தூரம் போகும் வரை உங்களை உட்கார வைக்க. வெங்கடப்பன் அண்ணன் டீ குடிக்கப் போகவில்லை. இந்த வரியை நான் வாசிக்கும்போது அவருக்கு ராயக்கோட்டை மலை கண்ணுக்குத் தெரிந்திருக்கும். வண்டியில் பின்பக்க ஓரத்தில், முட்டுக் கொடுத்தது போல், உங்கள் கல் இருக்கிறது. நீங்கள் போட்ட குறியை நாங்கள் அழிக்கவில்லை. அன்றைக்குச் சிவப்புக் குறிக் கல் தெரியாமல் போனது. இன்றைக்குத் தெரிந்தே அனுப்பியிருக்கிறோம். டாக்டரிடம் சொல்லிவிட்டோம், பக்கத்திலேயே இடம் பிடித்து வைத்திருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். வேண்டுமானால் இந்த மடலில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸ் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெறுகிறவரை வாழ்த்தும்போது, உங்கள் பெயர் கல்லில் எழுதியது போல் என்றும் நிலைக்கட்டும் என்று சொல்வார்கள். நாங்கள் அப்படி வாழ்த்த மாட்டோம். கடலில் இறங்கியதும் அந்தச் சாக்பீஸ் குறி கரைந்து போகட்டும். மிச்சமிருக்கும் ‘சௌ’வின் மேல் ஊதாவில் ஒன்று முளைக்கட்டும். ‘ன்’னுக்குள் ஒரு குட்டி மீன் குடியிருக்கட்டும். அம்மாவும் நீங்களும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு வாழ்ந்து, வருடம் ஒருமுறை எங்கள் கேண்டீன் டிவி முன்னால் வந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு நாள் அந்தக் கல்லில் உங்கள் பெயரின் ஒரு எழுத்துகூட வெளியே தெரியாமல், முழுவதும் பவளம் மூடியிருக்க வேண்டும். அது எந்தக் கல் என்று நீங்களே அடையாளம் தெரியாமல் தேட வேண்டும். அதுதான் சார் எங்கள் வாழ்த்து.

இப்போது எழுந்திருக்கலாம். மாலையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்களிடம் திட்டு வாங்கியே வேலை கற்றுக்கொண்ட,
ரேவதி, மாதேஸ்வரி, (லாரியில் இருந்தபடி) வெங்கடப்பன்
மற்றும் பவளப்பாறைப் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்,
பொன்வயல் கான்கிரீட் வார்ப்பகம், உத்தனப்பள்ளி.